பட்ஜெட்டுக்கு முந்தின நாள் எழுதிய கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்காகத் தோன்றியதில்லை, கேட்டு வாங்கப்பட்டது. போன வாரம் பத்திரிகையின் இணைப்பிதழ் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சார், பட்ஜெட் இணைப்பிதழ் போடறோம். எல்லாம் கட்டுரையா வந்து குவிஞ்சிருக்கு. படிச்சா எனக்கே தூக்கம் வருது. நடுவுல ஒரு கதை வேணும். சாமானியக் குடும்பம் ஒண்ணு, பட்ஜெட்டால அவங்க பர்ஸுக்கு என்ன ஆச்சு, அவ்வளவுதான்."

"பட்ஜெட் வந்ததும் எழுதித் தரேன்."

"அங்கதான் சிக்கல். அமைச்சர் பேசி முடிச்சதும் அச்சுக்குப் போயிடும். நீங்க முந்தின நாள் சாயங்காலமே குடுத்துடணும்."

"வராத பட்ஜெட்டால ஒரு குடும்பத்துக்கு என்ன ஆச்சுன்னு நான் எப்படிங்க எழுதறது?"

"மூணு முடிவு எழுதிடுங்க. விலை ஏறிச்சு, இறங்கிச்சு, அப்படியே இருக்கு. அமைச்சர் பேசினதும் எது பொருந்துதோ அதை வெச்சுட்டு மத்த ரெண்டையும் தூக்கிடறோம். தலைப்புச் செய்தியையே நாங்க அப்படித்தான் தயாரா வெச்சிருப்போம்."

ஆக, என் கதையின் முடிவை நிதியமைச்சர் தேர்ந்தெடுப்பார். எனக்கு மானம் ரோஷம் உண்டா இல்லையா? உண்டு. ஆனால் சன்மானம் எவ்வளவு என்று கேட்டேன், சொன்னார், சரி என்றுவிட்டேன். அந்தத் தொகைக்குப் போய் நான் சரி என்றது எனக்கே கூச்சமாக இருப்பதால் அதை இங்கே சொல்வதாக இல்லை.

இன்றுதான் அந்த முந்தின நாள். நாளை அமைச்சர் பேசுவார். நாளை மறுநாள் காலை இது உங்கள் கையில் இருக்கும். அதாவது, எழுதும் எனக்குத் தெரியாத விஷயம் படிக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாசகர் எழுத்தாளனைவிட விவரமானவராக இருப்பது வழக்கமாக நடப்பதுதான். இந்தத் தடவை அதை நானே முன்கூட்டி ஒப்புக்கொள்கிறேன்.

2

முதல் வரி வேண்டும்.

"நடுத்தரக் குடும்பங்களின் கனவுகள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தோல்பெட்டிக்குள்—" வேண்டாம். பக்கத்துப் பத்தியில் கட்டுரைக்காரர் கட்டாயம் இதே பெட்டியைத் திறந்துவைத்திருப்பார்.

"கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் கணக்குப் போட்டாள்—" இதுவும் வேண்டாம். கிளட்ச் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அவரிடம் படிக்க வந்தவர்கள்தான் அழுதிருக்கிறார்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கிளட்ச் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை, அதில் ஒரு மேசை, சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், வாசலில் ஒரு சின்ன கார். பள்ளி என்பது இவ்வளவுதான். முதலாளி, ஆசிரியை, பெருக்கித் துடைப்பவர் எல்லாம் அவரே. கற்றுக்கொள்பவர் சந்து முனையில் திணறும்போதெல்லாம் பக்கத்து இருக்கையிலிருந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தத்தில் தெருவே நின்று பார்க்கும். பெயர் வந்த வழி அது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஐம்பது வயது தாண்டிய பிறகு ஓட்டக் கற்றுக்கொள்ளும் அந்தப் புண்ணியவான்களில் நானும் ஒருவன்.

(முதல் வரைவில் இந்த அக்காவை ஒரு மின்சாரக் கார் வாங்க ஆசைப்பட வைத்திருந்தேன். பட்ஜெட் கதைக்குப் பொருத்தமாக, பசுமையாக இருக்குமே என்று. மின்சாரக் காரில் கிளட்ச் கிடையாது என்பது அடுத்த பக்கம் போன பிறகுதான் உறைத்தது. அப்புறம் அவர் எதைச் சொல்லிக் கத்துவார்? கிழித்துப் போட்டேன்.)

இப்போது விஷயம். அவருடைய காருக்கு வயதாகிவிட்டது. வயதான காரில் பயிற்சி கொடுக்கக்கூடாது என்று விதி. இந்த மாதத்தோடு அனுமதி முடிகிறது. புதுக் கார் இல்லையென்றால் பள்ளி இல்லை. பெரிய சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டுநர் பயிற்சி நிறுவனம் ஒன்று இருக்கிறது. "எங்ககிட்ட சம்பளத்துக்கு வந்துடுங்களேன்" என்று ஏற்கெனவே ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அங்கே சட்டையில் நிறுவனத்தின் பெயர், தலையில் தொப்பி, தொப்பியிலும் நிறுவனத்தின் பெயர்.

அக்காவும் அவர் கணவரும் சேர்த்து வைத்திருக்கும் பணம், இருப்பதிலேயே சின்ன காருக்கு, இன்றைய விலையில், சரியாகப் போதும். இழுத்துப் பிடித்துத்தான் போதும். வீட்டுக்கடன் ஏற்கெனவே கழுத்துவரை இருப்பதால் இன்னொரு கடன் தர வங்கியில் ஆளில்லை. சின்ன கார்களுக்கு வரி கூடும் என்று போன வாரம் முழுக்கப் பேச்சு. குறையும் என்றும் அதே வாரம் முழுக்கப் பேச்சு. இரண்டையும் எழுதியது ஒரே பத்திரிகை. எந்தப் பத்திரிகை என்று சொன்னால் சன்மானம் வராது.

3

நேற்று அக்கா கார் விற்கும் கடைக்குப் போனார். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை: "பட்ஜெட்டுக்கு முன்பே வாங்குங்கள்! லாபம் பெறுங்கள்!"

அந்தப் பலகைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இன்னொரு பலகை சாய்ந்திருந்தது. பின்னால் வருவதைப் பார்த்துப் பார்த்தே பிழைக்கும் தொழில் அக்காவுடையது. கண் அங்கே போகாமல் இருக்குமா? திருப்பிப் பார்த்தார். "பட்ஜெட்டுக்குப் பின் வாங்குங்கள்! லாபம் பெறுங்கள்!"

விற்பனைக்காரர் ஓடி வந்தார். கழுத்தில் டை, முகத்தில் அசடு.

"அது... அது பட்ஜெட் முடிஞ்சப்புறம் வைக்கறது மேடம்."

"ரெண்டுலயும் லாபம்னு போட்டிருக்கே. யாருக்குப்பா?"

அந்த ஆளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவர்தான் போலிருக்கிறது. உட்கார வைத்து விளக்கினார். "நாளைக்குக் கடை மூடற வரைக்கும் இதே விலை மேடம். முழுப் பணம் கட்டி பில் போட்டுட்டா அப்புறம் எவ்வளவு ஏறினாலும் உங்களைத் தொடாது." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இறங்கினாலும் தொடாது" என்றார்.

4

இனி வீடு. நேற்றுச் சாயங்காலம் அங்கே என்ன நடந்தது என்று அக்கா இன்னும் என்னிடம் சொல்லவில்லை. நடக்காமல் இருந்திருக்காது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணவரை அறிமுகப்படுத்த வேண்டும். கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். சாதுவான மனிதர், ஆனால் ஒரு வியாதி உண்டு. வருஷா வருஷம் பட்ஜெட்டுக்கு முன்பாகவே, அமைச்சர் தனக்கு என்ன தரப்போகிறார் என்று இவரே கணக்குப் போட்டு, அந்தப் பணத்தை முன்கூட்டியே செலவழித்துவிடுவார். வரிவிலக்கு வரம்பு கூடும் என்று ஊரெல்லாம் சொன்ன வருஷம் ஒரு மின்விசிறி வாங்கிவந்தார். வரம்பு கூடவில்லை, விசிறி மட்டும் கூடத்தில் நின்று சுற்றியது. கடன் வட்டிக்குச் சலுகை வரும் என்று நம்பிய வருஷம் சோபா வந்தது. கூடுதல் வரி ரத்தாகும் என்ற வருஷம் மைக்ரோவேவ் அடுப்பு.

அக்கா சண்டை போடவில்லை. பெயர் வைத்தார். அந்த வீட்டில் இப்போதும் இப்படித்தான் பேச்சு நடக்கும்: "வரிவிலக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க, வேர்க்குது." "வட்டிச் சலுகை மேல ஈரத்துண்டைப் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" வந்த விருந்தாளிகள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

போன வருஷ மைக்ரோவேவோடு மனிதர் திருந்திவிட்டார். இனிமேல் பட்ஜெட்டுக்கு முன் ஒரு குண்டூசி வாங்க மாட்டேன் என்று மனைவி முன்னால் சத்தியம் செய்தார். இப்போது பாருங்கள் கூத்தை.

"இன்னிக்கே, இல்ல நாளைக்குக் காலையில வாங்கிடலாங்க. ஏறும்னு பேசிக்கறாங்க."

"இறங்கும்னும்தான் பேசிக்கறாங்க. இத்தனை நாள் இருந்தாச்சு, அமைச்சர் பேச்சு முடியற வரைக்கும் பொறு."

"நான் வருஷா வருஷம் பொறுங்க பொறுங்கன்னு சொன்னப்போ நீங்க பொறுத்தீங்களா?"

"அதனாலதான் சொல்றேன். பட்டவன் சொல்றேன், கேளு."

"வாங்கக்கூடாத வருஷமெல்லாம் வாங்கினீங்க. வாங்க வேண்டிய வருஷம் வந்தப்போ திருந்திட்டு உக்காந்திருக்கீங்க. திருந்தறதுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாம்?"

(குறிப்பு: இந்த இடம்வரை ஆசிரியருக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு சார். ஆனா உருக்கம் பத்தாது. படுத்த படுக்கையா ஒரு மாமியாரைச் சேர்க்க முடியுமா?" என்றார். அக்காவின் மாமியாரை எனக்குத் தெரியும். காலையில் பூங்காவை என்னைவிட வேகமாகச் சுற்றி வருகிறார். அவரைப் படுக்க வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. முடியாது என்றுவிட்டேன்.)

5

ஆசிரியர் கேட்ட மூன்று முடிவுகள். இன்று காலை எழுதினேன்.

ஏறினால்: கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அக்கா. அமைச்சர் கல்வி, நீர்ப்பாசனம், துறைமுகம் என்று ஊர் சுற்றிவிட்டு மெல்லச் சின்ன கார்களிடம் வருகிறார். கணவரின் கை மனைவியின் கையைத் தேடுகிறது. அக்கா கையை இழுத்துக்கொள்கிறார். அடுத்த மாதம் பெரிய சாலையில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தொப்பி போட்ட ஒரு பெண்— (வாசகர் இங்கே பெருமூச்சு விடலாம். ஆசிரியருக்கு இது பிடிக்கும்.)

இறங்கினால்: அதே டிவி, அதே விடுப்பு. வரி குறைந்ததும் கணவர் பட்ஜெட்டைத் தானே எழுதியவர் மாதிரி எழுந்து நிற்கிறார். கார் வருகிறது, கையில் மிச்சமும் இருக்கிறது. காருக்கு "பொறுமை" என்று அவரே பெயர் வைக்கிறார். அடுத்த பட்ஜெட்வரை அந்த மனிதரோடு ஒரே வீட்டில் யாராலும் குடியிருக்க முடிவதில்லை. (இது அச்சேறினால், எழுத அரசாங்கம் எனக்கு எவ்வளவு கொடுத்தது என்று நீங்கள் கேட்பீர்கள்.)

அப்படியே இருந்தால்: அமைச்சர் நெடுநேரம் பேசுகிறார். தண்ணீர் குடிக்கிறார். மறுபடி பேசுகிறார். காரைப் பற்றி மூச்சு விடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். யார் சொன்னது சரி என்று தெரியாததால் சண்டை முடியவில்லை. மறுநாள் பழைய விலைக்கே காரை வாங்கி, அதில் ஏறி, சண்டையைத் தொடர்ந்தபடி வீட்டுக்கு வருகிறார்கள். (மூன்றில் உலகத்தில் அதிகம் நடப்பது இதுதான். அதனாலேயே யாருக்கும் பிடிக்காது.)

மூன்றும் எனக்குத் திருப்தியாக இருந்தன. அசல் ஆளிடமே காட்டிப் பாராட்டு வாங்கலாம் என்ற நப்பாசையில் தாள்களைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பாடத்துக்குப் போனேன். எழுதுகிறவனுக்கு வரக்கூடாத ஆசை அது.

6

"ஓட்டுங்க, நான் படிக்கறேன்" என்றார் அக்கா.

நான் ஓட்டினேன், அவர் படித்தார். அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது. தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு சைக்கிளுக்கும் ஒரு நாய்க்கும் உயிர்ப்பிச்சை கொடுத்தார். வீட்டுச் சண்டை வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

"எப்படி சார் கூடவே இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கீங்க? ஆனா நேத்து நான் இதைவிட நல்லா பேசினேன்."

பெருமையில் எனக்குக் கியர் மாறவில்லை. "கிளட்ச்" என்றார். பக்கத்தைத் திருப்பினார். மூன்று முடிவுகளையும் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இந்த மூணுலயும் நான் எங்க இருக்கேன்?"

"டிவி முன்னாடி."

"டிவி முன்னாடி உக்காந்து என்ன பண்றேன்?"

யோசித்துப் பார்த்தேன். "ஒரு முடிவுல கையை இழுத்துக்கறீங்க."

"அவ்வளவுதானே? ஏத்தறதும் அமைச்சர், இறக்கறதும் அவர், சும்மா விடறதும் அவர். அப்போ அவரையே கதாநாயகனா போட்டு எழுத வேண்டியதுதானே? நான் எதுக்கு நடுவுல, குடை பிடிக்கவா?"

எனக்குச் சுருக்கென்றது. சமாளித்துப் பார்த்தேன். நாளைக்கு என்ன வரும் என்று யாருக்குமே தெரியாதே, தெரியாமல் எப்படி ஒரு ஆள் முடிவெடுக்க முடியும் என்று கேட்டேன்.

"தெரிஞ்சா அதுக்குப் பேர் முடிவா சார்?" என்றவர், தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ராத்திரி பூரா இதையேதான் உருட்டிட்டு இருந்தேன். இன்னிக்கு வாங்கி, நாளைக்கு இறங்கிடுச்சுன்னு வைங்க. கொஞ்சம் பணம் போச்சு. வீட்டுக்காரர் வருஷம் பூரா சிரிப்பார். சிரிச்சுட்டுப் போகட்டும், நான் அவரைச் சிரிக்காத சிரிப்பா? வாங்காம இருந்து, ஏறிடுச்சுன்னு வைங்க. பள்ளிக்கூடமே போச்சு. ரெண்டும் ஒரே நஷ்டமா?"

"இல்ல."

"இல்லல்ல? அப்புறம் நாளைக்கு அமைச்சர் என்ன பேசினா எனக்கென்ன?" கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "ஆனா பயமா இருக்கு சார். பொய் சொல்ல மாட்டேன். ஒத்தை ஆளா நின்னு உண்டாக்கின இடம். அந்தத் தொப்பியை மாட்டிக்கிட்டு இன்னொருத்தன் காருல உக்காந்து கத்த என்னால முடியாது."

அதுவரை நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"வலது பக்கம் திரும்புங்க."

"அது நம்ம வழி இல்லையே அக்கா?"

"திரும்புங்க சார்."

திரும்பினேன். கார் விற்கும் கடை வாசலில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது, நின்றது. அவர் இறங்கி விறுவிறுவென்று உள்ளே போனார். கதையை விட்டுவிட முடியுமா? நானும் பின்னால் ஓடினேன்.

7

இந்தப் பகுதியை நீங்கள் நம்ப மாட்டீர்கள். இட்டுக்கட்டினது, சினிமாத்தனம் என்பீர்கள். உள்ளே நான் பார்த்த மனிதரைக் கதையிலிருந்து அடித்துவிட்டு எழுதிப் பார்த்தேன், போக மாட்டேன் என்கிறார். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

உள்ளே, விற்பனைக்காரரின் மேசைக்கு எதிரில், மடியில் ஒரு பையை இறுக்கிக்கொண்டு, அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார்.

மேசைமேல் காலி டீ கோப்பைகள் வரிசையாக இருந்தன. விற்பனைக்காரரின் முகத்தைப் பார்த்தால் கணவர் நெடுநேரமாக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"நீங்க எங்க இங்க? ஆபீஸ் போகல?"

"சும்மா... விலை விசாரிக்கலாம்னு."

"பையில என்ன?"

கணவர் விற்பனைக்காரரைப் பார்த்தார். விற்பனைக்காரர் கூரையைப் பார்த்தார்.

"வங்கிக்குப் போய் முழுசையும் எடுத்துட்டு வந்தேன்" என்றார் கணவர். "காலையிலேருந்து உக்காந்திருக்கேன். குடுக்கத்தான் கை வரல. ஒவ்வொரு தடவையும் தப்பாவே போச்சா... நம்ம ராசி அப்படி. என் கையால குடுத்தா நாளைக்குக் கட்டாயம் இறங்கிடும்னு தோணுது. குடுக்காம வீட்டுக்கு வந்தா கட்டாயம் ஏறிடும்னு தோணுது. எந்திரிக்கவும் முடியல."

நான் எதிர்பார்த்த கிண்டல் எதுவும் வரவில்லை. அக்கா மேசைமேல் இருந்த காலிக் கோப்பைகளை எண்ணினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீயும் என்கிட்ட சொல்லாமத்தானே வந்த?"

"ம்." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பையை இப்படிக் குடுங்க. உங்க கை வேண்டாம். என் கையால குடுக்கறேன். பழி வந்தா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

"இறங்கினா சிரிக்கக்கூடாது."

"நான் எதுக்குச் சிரிக்கப் போறேன்? நீங்கதான் சிரிப்பீங்கன்னு பயந்துட்டு வந்தேன்."

விற்பனைக்காரர் படிவத்தை அவர்கள் பக்கம் தள்ளினார். முதலில் அக்கா கையெழுத்துப் போட்டார், பிறகு கணவர். அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்கு வெளியே யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள். நான் வண்டியைத் தெருவுக்குக் குறுக்கே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

8

சற்று முன் ஆசிரியர் கூப்பிட்டார்.

"சார், மூணு முடிவும் தயாரா?"

"மூணும் இனிமே முடிவா உதவாது. அவங்க இன்னிக்கே வாங்கிட்டாங்க."

"ஐயோ! பட்ஜெட்டுக்கு முன்னாடியேவா? அப்போ பட்ஜெட் கதையில பட்ஜெட் எங்க சார்?"

"உங்க முதல் பக்கத்துல."

"அது சரி, அவங்க பண்ணினது புத்திசாலித்தனமா, முட்டாள்தனமா? அதையாவது சொல்லுங்க. வாசகர் கேப்பாங்க சார். நாளைக்குப் பேச்சைக் கேட்டுட்டுக் கடைசியா ஒரு வரி, ஒரே ஒரு வரி, நான் சேர்த்துக்கட்டுமா?"

சேர்த்தால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டால் சன்மானத்தையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். நான் வரி சேர்க்க வேண்டாம் என்பதை மட்டும் இன்னொரு முறை சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

ஆகவே அந்தக் கடைசி வரி உங்களுடையது. விலை ஏறியதா இறங்கியதா என்று உங்களுக்குத் தெரியும். ஏறியிருந்தால் கெட்டிக்காரர்கள் என்று எழுதிக்கொள்ளலாம். இறங்கியிருந்தால் அவசரக்குடுக்கைகள் என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுதுவதற்கு முன் பத்திரிகையின் முதல் பக்கத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். மூடிக்கொண்டு எழுதிப் பாருங்கள். அவர்கள் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார்கள்.